வந்து வந்து போகும் கார் சத்தத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

எங்கள் காரில் 4 மாதம் ஒரு 'டக் டக்' இருந்தது. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் அம்பை ரோட்டில் பத்தமடை தாண்டியதும் கேட்கும். வீட்டில் எல்லோரும் ஏறினால் கேட்காது. மெக்கானிக் அண்ணாச்சி ஓட்டிப் பார்த்தால் சில நாள் வரும், சில நாள் வராது. கடைசியில் அதைப் பிடித்துக் கொடுத்தது ஒரு நோட்டுதான்.

முதலில் எழுதுங்கள்

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடாதீர்கள். காருக்குள் காது நன்றாக ஏமாறும். எப்போது வருகிறது என்று மட்டும் குறித்து வாருங்கள்: என்ன வேகம், எந்த கியர், நேர் ரோடா வளைவா, பிரேக் மிதித்தீர்களா, ஏசி ஓடியதா, இன்ஜின் சூடாகிவிட்டதா, வண்டியில் எத்தனை பேர். ஓட்டிக்கொண்டே எழுத வேண்டாம், நிறுத்திவிட்டு எழுதுங்கள்.

எட்டாவது முறை எழுதியபோது எனக்கு விஷயம் தெரிந்தது. பின்சீட்டில் இடப்பக்கம் ஆள் இல்லாத நாளில் மட்டும்தான் சத்தம். அங்கே சீட் பெல்ட்டின் இரும்பு நாக்கு தளர்ந்து தொங்கி, கதவுத் தூணின் பிளாஸ்டிக்கில் இடித்துக்கொண்டிருந்தது. ஒரு துவர்த்தை (துண்டை) மடித்து இடையில் செருகிவிட்டு சேரன்மகாதேவி வரை போய்வந்தேன். சத்தமே இல்லை.

வண்டியைக் காலி செய்யுங்கள்

டிக்கியில் ஜாக்கி, ஸ்பேனர், ஸ்டெப்னியின் திருகு, கதவுப் பையில் தண்ணீர் பாட்டில் என்று எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். பஞ்சர் ஒட்டிய பிறகு தொடங்கிய சத்தம் என்றால் வீல் நட்டுகளை ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

இன்ஜினா, சக்கரமா?

வண்டியை வெளியில் நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, ஆக்சிலேட்டரை மெதுவாக மிதியுங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் வந்தால் இன்ஜின் பக்கம். காலையில் கிளப்பியதும் 'கீச்' என்றால் பெரும்பாலும் இன்ஜின் பெல்ட். 'கிணுகிணு' என்று தகரம் நடுங்கினால் சைலன்சருக்கு மேல் இருக்கும் மெல்லிய தகட்டைச் சந்தேகப்படுங்கள். வண்டி நன்றாக ஆறிய பிறகு விரலால் தட்டினாலே அதே சத்தம் கேட்கும்.

நிற்கும்போது வராமல் ஓடும்போது மட்டும் வந்தால் சக்கரம், சஸ்பென்ஷன், பிரேக் பக்கம் போகலாம்.

சத்தத்தை வரவழையுங்கள்

விடியற்காலையில் ஒரு காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள். 'டக்டக்டக்' என்று வந்தால், சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டின் ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கும். ஸ்பீடு பிரேக்கரில் மட்டும் 'கடக்' என்றால் சஸ்பென்ஷனில் இருக்கும் லிங்க் ராடு, ரப்பர் புஷ். பிரேக்கை லேசாக மிதித்ததும் சத்தம் நின்றால் பிரேக் பேடு ஆடுகிறது.

வேகம் கூடக்கூட 'ஊம்' என்று முனகினால், சக்கரம் உரசாமல் சுழல வைக்கும் வீல் பேரிங்காக இருக்கலாம். ரோடு இடப்பக்கம் வளையும்போது முனகல் கூடினால் வலது பேரிங். வலப்பக்கம் வளையும்போது கூடினால் இடது. பாரம் எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குப் போவதுதான் காரணம்.

நம்ம ஊரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆனி, ஆடியில் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி நாலுவழிச் சாலையில் போனால் மேற்கிலிருந்து அடிக்கும் மேல்காற்று கதவு ரப்பரில் புகுந்து அதே மாதிரி முனகும். தெற்கே போகும்போது வலப்பக்கம் அடிக்கிற காற்று திரும்பும்போது இடப்பக்கம் அடிக்கும். அதனால் போக வர இரண்டு தடவையும் கேளுங்கள். சத்தம் மாறினால் காற்று. மாறாமல் ஒரே மாதிரி இருந்தால் பேரிங். சந்தேகமாக இருந்தால் கதவு இடுக்கில் பேப்பர் டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள்.

இன்னொரு வழி, சுவர். நீளமான காம்பவுண்டு சுவர் ஓரமாகக் கண்ணாடியை இறக்கிவிட்டு 20 கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும். இடது சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு முன்சக்கரமா பின்சக்கரமா என்று தெளிவாகத் தெரியும்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே படுக்காதீர்கள். பிரேக்கில் இரும்போடு இரும்பு உரசினாலோ ஸ்டீயரிங் ஆடினாலோ அங்கேயே ஓரம் கட்டி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

மற்றபடி, நோட்டையும் போனில் பதிந்த சத்தத்தையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள். "அண்ணாச்சி, ஒரு தடவை பக்கத்துல உக்காந்து வாங்க" என்று கூப்பிட்டு, சத்தம் வருகிற அதே ரோட்டில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள்.