சனிக்கிழமையே கறி வாங்கிவிடுங்கள்

ஞாயிறு சமையலுக்கான கறியைச் சனிக்கிழமை சாயங்காலமே வாங்கிக் கழுவி, இஞ்சி பூண்டு விழுது, தயிர், மஞ்சள்தூள், உப்பு பிசறி, மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். வேலூரில் ஞாயிறு காலை கறிக்கடை முன்னால் நின்றே சர்ச் ஆராதனைக்குத் தாமதமாகிறவர்கள் உண்டு. முதல் நாள் மாலை அந்தக் கூட்டம் இருக்காது. ராத்திரி முழுக்க ஊறிய கறி மெத்தென்று வேகும். கோவிலிலிருந்து வந்ததும் குக்கரில் ஏற்றினால் போதும், மதியம் வேதம் வாசிக்கவோ சும்மா தூங்கவோ (அதுவும் ஓய்வுதான்!) நேரம் கிடைக்கும். வேதத்தில் யாத்திராகமம் 16-ல், மறுநாள் ஓய்வு நாள் என்பதால் இஸ்ரவேலர் ஆறாம் நாள் மன்னாவை (வானத்திலிருந்து கிடைத்த உணவை) இரட்டிப்பாகச் சேர்த்ததும் இதே கணக்குதான்.

மீனுக்கு இது சரிவராது. அக்னி நட்சத்திரத்தில் அடிக்கடி கரண்ட் போகிற தெருவென்றால் கறிக்கும் வேண்டாம். அப்புறம், சி.எம்.சி. மருத்துவமனையில் ஞாயிறும் டியூட்டி பார்ப்பவர்கள் தங்கள் வார விடுப்புக்கு முந்தின நாள் செய்துகொள்ளலாம்.