குழந்தைகளோடு வேலை செய்யும் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் வந்துவிட்டால் ஊருக்கு ஊர் கோடை முகாம். கல்லூரி முடித்த பிள்ளைகள் ஆர்வத்தோடு வந்து பொறுப்பெடுக்கிறார்கள். பல ஊர்களில் மாலைநேரப் படிப்பு மையங்களையும் அவர்களே நடத்துகிறார்கள். எங்கள் காலத்துத் தன்னார்வலர்கள் செய்த தவறுகளையே அவர்களும் செய்வதைப் பார்க்கப் பார்க்க மனம் பதறுகிறது. முதலுதவிப் பெட்டி, கிணற்றடிக் காவல், கழிப்பறைத் தாழ்ப்பாள் எல்லாம் யாரும் சொல்லாமலே பார்த்துக்கொள்வார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். குழந்தைகளைப் பாலியல் துன்புறுத்தலிலிருந்து காப்பதில் நாம் செய்யும் தவறுகளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

"நம்ம பையன்தான்" என்று சேர்த்துக்கொள்வது

சம்பளம் வாங்காமல் வேலை செய்ய வருகிறவரிடம் கேள்வி கேட்க நமக்குக் கூச்சம். மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, குழந்தைகளைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளாக்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது அது நம்பியிருந்தவர்கள். நம் மையத்துக்கு வரும் எவரும் இரண்டே நாளில் 'அண்ணா', 'அக்கா' ஆகிவிடுகிறார். அந்த நம்பிக்கையை அவருக்கு வாங்கிக் கொடுப்பது நாம்தான்.

முன்பு எங்கே இருந்தார், ஏன் விலகினார் என்று அந்த இடத்துக்கே போன் போட்டுக் கேளுங்கள். குழந்தைகளோடு தொடர்ந்து பழகும் நிறுவனங்கள் தங்கள் ஊழியர்களைக் காவல்துறை மூலம் சரிபார்க்க வேண்டும் என்று குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. தன்னார்வலருக்கும் அதையே செய்யுங்கள்.

பைக்கில் ஏற்றிப்போய் வீட்டில் விடுவது

வேண்டாம்.

தனி அறை, தனி வாட்ஸ்அப்

ஒரு குழந்தைக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? திண்ணையில் உட்காருங்கள், கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு பெரியவர் கண்பார்வையில் இருக்கட்டும். செய்தி அனுப்ப வேண்டுமென்றால் பெற்றோரும் இருக்கும் குழுவில் அனுப்புங்கள்.

"முதல்ல நாம விசாரிச்சுப் பாப்போம்"

எத்தனை ஆண்டு ஆனாலும் எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

ஒரு முகாமில் நடந்தது. ஒரு சிறுமி, "அந்த அண்ணன் பக்கத்துல உக்கார மாட்டேன்" என்று தன் குழுவின் அக்காவிடம் சொன்னாள். ஏன் என்று கேட்டதும் நடந்ததைச் சொன்னாள். அந்த அக்கா ஒருங்கிணைப்பாளரிடம் போனார். அவர் சிறுமியைக் கூப்பிட்டுத் திரும்பக் கேட்டார். பிறகு மூத்தவர்கள் சிலர் வட்டமாக உட்கார்ந்து, "பயப்படாம சொல்லும்மா" என்று கேட்டார்கள். கடைசியில் அந்த இளைஞனையும் வரவழைத்து, அவன் முன்னாலேயே கேட்டார்கள். "ஒண்ணும் இல்ல" என்று தலையைக் குனிந்துகொண்டாள். உடனே விஷயம் முடிந்துவிட்டதாக எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள்.

அந்தப் பெரியவர்கள் கெட்டவர்கள் அல்ல. அவசரப்பட்டு ஒருவர் வாழ்க்கையைக் கெடுத்துவிடக் கூடாதே என்று நினைத்தார்கள். ஆனால் ஒரு குழந்தையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் ஒவ்வொரு முறையும் வார்த்தை கொஞ்சம் மாறும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வது அந்த மாற்றத்தைத்தான். சம்பந்தப்பட்டவருக்கு முன்கூட்டியே தகவல் போவதால் போனில் இருப்பதை அழிக்கவும், குழந்தையின் வீட்டுக்குப் போய்க் காலில் விழவும் அவருக்கு நேரம் கிடைத்துவிடுகிறது.

சட்டம் நம்மிடம் விசாரணை கேட்கவில்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், பிரிவு 19இன்படி, குற்றம் நடந்திருப்பது தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். நிரூபிப்பது நம் வேலை அல்ல. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர்மேல் வழக்கு வராது என்றும் அதே பிரிவு சொல்கிறது. சொல்லாமல் விட்டால் பிரிவு 21இன்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும்.

"பொண்ணு வாழ்க்கை, ஊர் பேசும்" என்று பெற்றோர் தடுப்பார்கள். அந்த அச்சத்தை அலட்சியம் செய்யாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து விளக்குங்கள். குழந்தையின் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோதான் வாக்குமூலம் வாங்குவார்கள். கூடியவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வருவார், சீருடையில் வரக் கூடாது. குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயரையோ படத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. இதையெல்லாம் கேட்டபின் சம்மதித்த பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். சம்மதிக்காவிட்டாலும் தகவல் சொல்லும் கடமை நம்மை விட்டுப் போகாது.

குழந்தை சொல்லும்போது குறுக்கிடாமல் கேளுங்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "நீ சொன்னது நல்லது, உன்மேல தப்பில்ல" என்று சொல்லுங்கள். "அங்க தொட்டானா?" என்று நீங்களே வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். குழந்தை சொன்ன சொற்களை அப்படியே எழுதித் தேதியும் நேரமும் போடுங்கள். அன்றைக்கே காவல்துறைக்குத் தகவல் போக வேண்டும். வழி தெரியாமல் கை நடுங்கினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.

சத்தமில்லாமல் நீக்கிவிடுவது

"நாளையிலேர்ந்து வராதே, அவ்வளவுதான்." அவர் அடுத்த ஊர் மையத்தில் போய்ச் சேருவார். அங்கேயும் குழந்தைகள் இருக்கிறார்கள்.

பையன்களை மறந்துவிடுவது

2007 ஆய்வில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் 52.94 விழுக்காட்டினர் ஆண் குழந்தைகள். போக்சோ சட்டத்தில் ஆண், பெண் வேறுபாடு இல்லை, 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகளே. ஆனால் நம் முகாம்களில் இரவுத் தங்கலுக்குப் பெண் பிள்ளைகள் அறைக்கு மட்டும் காவல் வைத்துவிட்டு, பையன்களை யாரோ ஒரு அண்ணனோடு மொட்டை மாடியில் படுக்க அனுப்புகிறோம். அங்கேயும் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும்.

படம் போடுவது

ஊர்ப் பெயர், பள்ளிச் சீருடை, குழந்தையின் முகம் மூன்றும் ஒரே படத்தில் வேண்டாம். பெற்றோரைக் கேட்காமல் எந்தப் படமும் வேண்டாம்.