மரமட்டையில் டென்னிஸ்: மலைநாட்டில் புதிதாகப் பழகுபவர்களுக்கு

எங்கள் வீட்டுப் பரணில், ஓட்டை டிரங்குப் பெட்டிக்கும் பழைய கொழுந்துக் கூடைக்கும் நடுவில், இரண்டு மரமட்டைகள் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தன. தாத்தா சின்ன வயதில் ஹட்டன் பக்கம் ஒரு துரைமார் கிளப்பில் பந்து பொறுக்கியவர். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுக்குக் கைமாறியபோது, கப்பலேறிய துரை ஒருவர் விட்டுப்போன சாமான்களில் அவர் பங்குக்கு வந்தவை இவை. மற்றவர்களுக்கு நாற்காலி கிடைத்தது, மேசைவிளக்கு கிடைத்தது. தாத்தாவுக்கு மட்டை. அப்பாயி அதைக் கடைசிவரை சொல்லிக்காட்டினார்.

அந்த இரண்டில் ஒன்றை வைத்துத்தான் மூன்று வருடமாக ஆடுகிறேன். மற்றதற்கு என்ன ஆனது என்பது கீழே வரும்.

“இந்தக் காலத்தில் போய் மரமட்டையா?” என்று கேட்பவர்களுக்கு நான் பழங்கதை சொல்வதில்லை. காற்றைக் காட்டுகிறேன். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீட்டர் உயரம். கொழும்பை விட அங்கே காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பறக்கும் பந்தைத் தடுக்கக் காற்று போதாது. வெளியழுத்தம் குறைவதால் துள்ளலும் கூடுகிறது. 1219 மீட்டருக்கு மேல் ஆடுவதற்கென்றே சர்வதேச டென்னிஸ் சம்மேளனம் தனி வகைப் பந்தை விதியில் வைத்திருக்கிறது. ஹட்டனும் பண்டாரவளையும் கிட்டத்தட்ட அந்தக் கோட்டில் நிற்கிற ஊர்கள். ஆனால் நம் கைக்கு வருவது சாதாரணப் பந்துதான். அதை இன்றைய விறைப்பான கிராஃபைட் மட்டையால் புதியவர் ஒருவர் தட்டினால், தேயிலைக்குள் போய்த்தான் நிற்கும். பாதி நேரம் பந்து தேடுவதில் போகும், அட்டைக்கடி தனி.

மரமட்டை அந்த வேகத்தை விழுங்கிவிடும். பந்து படும்போது சட்டம் வளைந்து கொடுக்கிறது. அதனால் முழுக்கை வீசி அடித்தாலும் பந்து கோட்டுக்குள் விழ இடமிருக்கிறது. பயந்து பயந்து தட்டிப் பழகுவதற்கும், முதல் நாளிலிருந்தே வீசிப் பழகுவதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

படி 1: மட்டையைப் பார்த்து எடுப்பது

பழைய பங்களாச் சாமான் விற்பவர்களிடமும், தோட்டத்துக் கிளாக்கர்மார் வீடுகளிலும் கேட்டுப் பாருங்கள். டன்லப் மக்ஸ்பிளை, ஸ்லேசெஞ்சர் என்ற பெயர்கள் கண்ணில் படலாம். சியால்கோட், ஜலந்தர் பக்கம் செய்தவையும் இருக்கும். பெயரைப் பார்த்து மயங்காதீர்கள். நேராக இருக்கிற பெயரில்லாத மட்டை, கோணிப்போன மக்ஸ்பிளையை விட மேல்.

கைப்பிடியின் அடியை முகத்துக்கு நேரே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குறி பார்ப்பதுபோல் பாருங்கள். தலைப்பகுதி பொரித்த அப்பளம்போல் ஒரு பக்கம் தூக்கியிருந்தால் வேண்டாம், அதை நிமிர்த்த முடியாது. அடுத்தது கைப்பிடிக்கு மேலே உள்ள கழுத்தும், தலை விரியத் தொடங்கும் தோளும். இந்த மட்டைகள் ஒரே கட்டையில் செதுக்கியவை அல்ல. மெல்லிய மரப்பட்டிகளைப் பசைபோட்டு வளைத்து ஒட்டியவை. ஒட்டிய கோட்டில் நகம் இறங்கினால், உள்ளே பசை விட்டிருக்கிறது. கடைசியாக, விரல் முட்டியால் சட்டத்தைச் சுற்றித் தட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் சத்தம் செத்துக் கேட்டால் அங்கே விரிசல் இருக்கலாம்.

எடையையும் பாருங்கள். இன்று புதியவர்கள் வாங்கும் மட்டைகள் 300 கிராமுக்கு முன்பின் இருக்கும். மரமட்டை 370 முதல் 400 கிராம் வரை போகும். கழுத்தருகே ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இலகு, ‘எம்’ என்றால் நடுத்தரம். முதல் மட்டை ‘எல்’ ஆகவே இருக்கட்டும். பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் இதைக் கொடுக்காதீர்கள், தோள் தாங்காது. பழைய கைப்பிடிகள் தடிமனானவையும்கூட. பிடித்துப் பார்த்தால் விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவே மற்றக் கையின் ஆட்காட்டி விரல் ஒன்று நுழையவேண்டும். இரண்டு விரல் நுழைந்தால் உங்கள் கைக்குப் பெரிது.

படி 2: நரம்பு மாற்றுவது

இந்தப் படியில்தான் நான் ஒரு மட்டையைக் கொன்றேன்.

பரணிலிருந்து இறக்கிய இரண்டிலும் மாட்டுக்குடல் நரம்பு இருந்தது. மலையின் ஈரத்தில் ஊதிப்போய், தொட்டால் உதிர்ந்தது. ஒன்றைக் கீழ்நாட்டில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ‘வழக்கம்போல் போடுங்கள்’ என்று சொன்னேன், தப்பு என்மேலும்தான். அவர்கள் வழக்கம் இன்றைய மட்டைக்கான வழக்கம். பொலியெஸ்டர் நரம்பை 60 இறாத்தலுக்கு இழுத்திருக்கிறார்கள். பாதி கட்டும்போதே தோளில் மரம் பிளந்துவிட்டது. கொடுத்தது மட்டை, வாங்கி வந்தது விறகு.

ஆகவே கட்டக் கொடுக்கும்போது எழுதியே கொடுங்கள்:

- நரம்பு: நைலோன் வகை, 1.30 மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லியது. பொலியெஸ்டர் கூடவே கூடாது.
- இழுப்பு: 45 முதல் 50 இறாத்தல். பாண் வாங்குகிற அதே இறாத்தல்தான். முதல் தடவை 45 போதும்.
- துளைகள்: மரமட்டையில் இன்றைய மட்டைபோல் பிளாஸ்டிக் குழாய்கள் கிடையாது, நரம்பு மரத்தின்மேலேயே உரசும். விளிம்பு கூராகிப்போன துளைகளில் சிறு குழாய்த்துண்டு வைக்கச் சொல்லுங்கள்.
- வேகம்: மெதுவாக இழுக்கவேண்டும். குறுக்கு நரம்பைக் கட்டும்போது மெதுவோ மெது.

பியோர்ன் போர்க் தன் மரமட்டைகளைச் சுமார் 80 இறாத்தலுக்குக் கட்டியவர் என்பது உண்மை. 1976 முதல் 1980 வரை ஐந்து விம்பிள்டன்களை வரிசையாக வென்றவரும் அவர்தான். அவருக்கு மட்டை புதிது, வேண்டியபோது இன்னொன்று வரும். நமக்குப் பரணில் இருப்பதோடு சரி.

படி 3: பந்தும் நாளும்

உள்ளே அழுத்தம் அடைக்காத பந்து கிடைத்தால் அதுவே மலைக்கு நல்லது. கிடைக்காவிட்டால், மற்றவர்கள் நாலைந்து நாள் ஆடிக் களைத்த பந்தைக் கேட்டு வாங்குங்கள். புதிய டப்பாவை உடைக்க வேண்டாம். பந்து நனைந்திருந்தால் ஆடாதீர்கள். பனியில் ஊறிய பந்தின் பாரம் மட்டைக்கும் மணிக்கட்டுக்கும் ஆகாது.

நுவரெலியா, ஹட்டன் பக்கம் என்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். மே பிறந்தால் தென்மேல் மழை. அப்போது பதுளை, பண்டாரவளைக்காரர்கள் நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். மலை தாண்டி வரும் வறண்ட கச்சான் காற்றில் அவர்கள் கோர்ட் காய்ந்து கிடக்கும், ஆனால் அந்தக் காற்றில் பந்து சொன்னபடி கேட்காது.

படி 4: பிடி

மட்டையின் முகம் நிலத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி பிடித்து, கைப்பிடியோடு கைகுலுக்குங்கள். அவ்வளவுதான் பிடி. உள்ளங்கை கைப்பிடிக்கு அடியில் போகும்படி திருப்பிப் பிடிக்கும் இன்றைய பழக்கத்தை இதில் விடவேண்டும்.

படி 5: நடுவில் அடிப்பது

இன்றைய மட்டையின் முகம் சுமார் 100 சதுர அங்குலம். மரமட்டையில் 65 முதல் 70. அதிலும் பந்து சுத்தமாகப் படவேண்டிய இடம் ஒரு சின்ன இடியப்பம் அளவுதான். விலகிப் பட்டால் மட்டை கைக்குள்ளேயே திரும்பிவிடும். இன்றைய மட்டை தப்பை மறைத்து பந்தை எப்படியோ அனுப்பிவிடும். இது உடனே காட்டிக்கொடுக்கும்.

பயிற்சியைச் சுவரில் தொடங்குங்கள். ஆறேழு அடி தள்ளி நின்று, தரையில் ஒரு தடவை துள்ளவிட்டு மெதுவாகத் தட்டுங்கள். கண்ணை விடக் காது முக்கியம். நடுவில் பட்டால் ‘டொக்’ என்று ஒரு சத்தம், கையில் ஒன்றும் தெரியாது. விலகினால் ‘டப்’, கூடவே மணிக்கட்டில் ஒரு சுண்டல். இருபது தடவை அடித்ததில் எத்தனை ‘டொக்’ என்று எண்ணுங்கள். எனக்கு முதல் வாரம் நாலு வந்தது. தாத்தா கொட்டகை ஓரமாக உட்கார்ந்து, “டப்பு… டப்பு… என்னாடா, துணியா தொவைக்கிற?” என்பார். இருபதில் பன்னிரண்டு வந்த பிறகுதான் என்னைக் கோர்ட்டுக்குள் விட்டார்.

கோர்ட்டில் முதலில் வலைக்கு அருகே, சேர்வ் கட்டத்துக்குள்ளேயே ஒருவரோடு மாற்றி மாற்றித் தட்டுங்கள். பிறகு பின்கோட்டுக்குப் போகலாம். அங்கே வேண்டியது இவ்வளவு: எதிராளியின் பந்து வலையைத் தாண்டும் முன்பே மட்டை பின்னால் போயிருக்க வேண்டும். பாரமான மட்டை, கடைசி நேரத்தில் இழுத்தால் வராது. பக்கவாட்டில் நின்று, முன்காலை எடுத்து வைத்து, பந்தை உடம்புக்கு முன்னால் சந்தியுங்கள். வீச்சு நீளமாக இருக்கட்டும். மட்டையின் பாரமே வேலையைச் செய்யும், தோளால் தள்ள வேண்டாம். வீச்சு முடியும்போது மட்டை நீங்கள் குறிவைத்த பக்கம் நீண்டிருக்க வேண்டும். வாகனக் கண்ணாடி துடைப்பதுபோல் பந்தின்மேல் உரசி மேலே ஏற்றும் இன்றைய டாப்ஸ்பின் அடியை இதில் முயன்றால், பாதிப் பந்து சட்டத்தில் பட்டு வானத்துக்குப் போகும்.

மட்டை பிடித்த கைக்கு எதிர்ப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் பேக்ஹேண்டில் ஸ்லைஸ் பழகுங்கள். மேலிருந்து கீழாக, பந்தின் அடியைச் சீவுவதுபோல். மலையில் எல்லாப் பந்தும் தோளுயரம் துள்ளும்போது, சீவிய பந்து மட்டும் முழங்காலுக்குக் கீழே வழுக்கிப் போகும். எதிராளி கிராஃபைட் மட்டையோடு குனிந்து தடுமாறுவதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் அற்ப சந்தோஷம் உண்டு. இரண்டு கையால் அடிக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். போர்க்கும் அமெரிக்க வீராங்கனை கிறிஸ் எவர்ட்டும் மரமட்டையில் அப்படித்தான் அடித்தார்கள். கைப்பிடித் தோலை மட்டும் கொஞ்சம் மேலே வரை சுற்றவேண்டியிருக்கும்.

நாகர்கோவிலில் பிறந்த ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனார். அவர் சேர்வில் பெரிய பலம் கிடையாது. பந்தை எங்கே போடுவது என்பதுதான் அவர் ஆட்டம். மரமட்டைக்காரர் பார்த்துப் பழக வேண்டிய ஆள் அவர்.

படி 6: சேர்வ்

இதில் சொல்ல அதிகம் இல்லை. முக்கால் பலத்தில், பந்தைச் சற்றுப் பக்கவாட்டில் சீவி உள்ளே போடுங்கள். வேகம் மலைக்காற்றே தரும். முழுப் பலத்தோடு அடித்துச் சட்டத்தை உடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தாழ்ந்த பந்தை எடுக்கும்போது மட்டையின் நுனி தரையில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மரம் அங்கேதான் முதலில் பிய்யும்.

படி 7: ஆடி முடித்த பிறகு

ஆண்கள் கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் மரமட்டையால் கோப்பை வாங்கிய கடைசி ஆள் யானிக் நோவா, 1983 பிரெஞ்சு ஓப்பனில். என்றால் உங்கள் கையில் இருக்கும் மட்டைக்குப் பெரும்பாலும் நாற்பது வயது தாண்டியிருக்கும். மலையில் அதற்குப் பகை ஈரம்.

நாலு மூலையிலும் திருகாணி வைத்த மரச்சட்டம் ஒன்று பழைய மட்டைகளோடு வரும். பிரெஸ் என்பார்கள். எறிந்துவிடாதீர்கள். ஆடி முடிந்ததும் மட்டையை உலர்ந்த துணியால் துடைத்து, அதற்குள் வைத்துப் பூட்டுங்கள். வேன் சில்லின் நட்டை முடுக்குவதுபோல் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கினால் பிரெஸ்ஸே மட்டையைக் கோணலாக்கிவிடும். காயட்டும் என்று அடுப்புக்கு மேலே தொங்கவிடாதீர்கள், சூட்டில் பசை விட்டுவிடும். வெயிலில் நிற்கும் வேனுக்குள்ளும் வேண்டாம். துணி வைக்கும் அலுமாரிதான் எங்கள் வீட்டில் அதற்கு இடம்.

ஆடும்போது நரம்பு ஒன்று அறுந்தால் அப்படியே வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். மிச்ச நரம்புகள் சமமில்லாமல் இழுத்து இரவோடிரவாகச் சட்டத்தைக் கோணவைக்கும். அங்கேயே, நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, நெடுக்கொன்று குறுக்கொன்றாக எல்லா நரம்பையும் வெட்டிவிடுங்கள். அதற்குப் பையில் ஏதாவது ஒன்று இருக்கவேண்டும். என் பையில் இருப்பது அப்பாயியின் பாக்குவெட்டி. நைலோனையும் நன்றாகவே வெட்டுகிறது.