பள்ளி நூலகத்துக்குப் புத்தகம் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் நூலகத்துக்கென வரும் மானியம், பள்ளியின் நிலையைப் பொறுத்து ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை. பெரும்பாலான பள்ளிகளில் இந்தப் பணம் ஒரே நாளில், ஒரே கடையில், ‘செட்’ புத்தகங்களாக மாறிவிடுகிறது. ஐம்பது தலைப்பு ஒரு கட்டு, கட்டுக்கு இவ்வளவு தள்ளுபடி என்று கணக்கு முடிந்துவிடும். அந்தக் கட்டில் பிள்ளைகள் விரும்பி எடுப்பவை ஐந்தோ ஆறோதான். மீதி அலமாரியில் தூசி வாங்கும். அதைப் பார்த்துவிட்டு, “இந்தக் காலத்துப் பிள்ளைங்க எங்க சார் படிக்குது” என்று பழியைப் பிள்ளைகள் மேல் போடுவோம். ஆகவே முதல் விதி: கட்டாக வாங்காதீர்கள். ஒவ்வொரு புத்தகத்தையும் கையில் எடுத்து, திறந்து, படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். படக்கதைக்குப் பத்து நிமிடம் போதும். மேல் வகுப்புக்கான நாவலை முழுதாகப் படித்தாக வேண்டும்.

வயது வேறு, வாசிப்பு நிலை வேறு

அட்டையில் ‘8 - 10 வயது’ என்று போட்டிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். ஆறாம் வகுப்பு ஒன்றிலேயே எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் இருப்பார், நாவலை ஒரே மூச்சில் முடிப்பவரும் இருப்பார். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்க நூல்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளாக வந்தன. இந்தப் பெயர்களையே வாங்கப்போகும் நூல்களுக்கும் வைத்துக்கொண்டால் ஆசிரியர்கள் பேசிக்கொள்வது எளிது.

நிலை பார்க்க ஐந்து விரல் சோதனை உதவும். பிள்ளையை நடுவிலுள்ள ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லுங்கள். தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கட்டும். பக்கம் முடிவதற்குள் ஐந்தும் மடங்கினால் தனியாகப் படிக்க அது கடினம். தமிழில் இந்தச் சோதனையோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பொருள் தெரிந்த சொல்லாக இருந்தாலும் ‘சென்றுகொண்டிருந்தபோதிலும்’ என்று நீண்டு வந்தால் தொடக்க நிலைப் பிள்ளை பாதியிலேயே மூச்சு வாங்கும். முதலிரண்டு நிலைகளில் வாக்கியத்துக்கு நான்கைந்து சொற்கள், புணர்த்தி எழுதாத சிறு சொற்கள், திரும்பத் திரும்ப வரும் தொடர்கள் இருப்பது நல்லது.

எல்லாப் பள்ளியிலும் விடுபடுகிற ஒரு கூட்டம் உண்டு. ஏழாவது, எட்டாவது படிப்பார்கள், வாசிப்பு மட்டும் இரண்டாம் வகுப்பு நிலையில் நிற்கும். அவர்களிடம் முயல்குட்டி அட்டை போட்ட புத்தகத்தை நீட்டினால் மற்றவர்கள் முன்னால் தொடமாட்டார்கள். கதைமாந்தருக்கு 13, 14 வயது, கதையில் கிரிக்கெட்டோ திருட்டோ பேயோ, வாக்கியங்கள் மட்டும் சிறியவை - இப்படிப்பட்ட நூல்கள் தமிழில் குறைவு. கண்ணில் பட்டால் இரண்டு பிரதியாக வாங்குங்கள்.

எழுத்தும் அச்சும்

புத்தகத்தைப் பின்பக்கமிருந்து தொடங்குவதில் தவறில்லை. பதிப்பு விவரப் பக்கத்தில் எழுத்தாளர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர் பெயர்கள், பதிப்பாண்டு, ஐஎஸ்பிஎன் எண் இருக்கின்றனவா என்று பாருங்கள். ‘ஆசிரியர் குழு’ என்று மட்டும் இருந்து, ஓவியர் பெயரே இல்லாவிட்டால் பெரும்பாலும் அது இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திரட்டியது.

எழுத்தின் அளவு ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு 20 புள்ளிக்குக் (பாயிண்ட்) குறையாமல் இருக்கட்டும். மூன்றிலிருந்து ஐந்து வரை 16 புள்ளி, அதற்கு மேல் 12 அல்லது 13 போதும். அளவை விடவும் பிள்ளையைத் தடுமாற வைப்பது வரி முறிவு. ஒரு வரி ‘போய்க்கொண்’ என்று முடிந்து அடுத்தது ‘டிருந்தான்’ என்று தொடங்கும். தேர்ந்த வாசகருக்கு இது கண்ணிலேயே படாது. எழுத்துக்கூட்டும் பிள்ளையோ ‘டிருந்தான்’ என்றொரு புதுச் சொல் இருப்பதாக எண்ணி அங்கேயே நின்றுவிடும். எழுத்துரு மாற்றத்தில் உடைந்த கொம்புகளையும் தேடுங்கள். ‘கொ’வின் கால் கழன்று வரியில் தனியே நின்றால், யாரும் மெய்ப்பு பார்க்காமல் அச்சுக்குப் போன புத்தகம் அது. ஓரிடத்தில் ஒற்று விடுபட்டதற்காக ஒரு நல்ல கதையை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ல, ள, ழ குழப்பம் பக்கத்துக்குப் பக்கம் இருந்தால் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். பாடவேளையில் திருத்தும் பிழையை நூலகமே கற்றுத்தரக் கூடாது.

பழைய நூல்களின் மறுபதிப்பில் இன்னொரு சிக்கல். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சை அப்படியே படியெடுத்திருந்தால் ‘லை’, ‘னை’, ‘றா’ போன்றவை பழைய வடிவிலேயே இருக்கும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் அது சுவையான அனுபவம். தொடக்கப் பள்ளிக்குப் புது அச்சில் வந்த பதிப்பையே தேடுங்கள்.

கதையை எடைபோடுவது

நம்மூர்ச் சிறுவர் கதைகளைப் பிடித்த பெரிய நோய், கடைசி வரியில் வரும் ‘நீதி’. கடைசிப் பத்தியை உள்ளங்கையால் மறைத்துவிட்டுக் கதையைப் படியுங்கள். அது இல்லாமலும் கதை நிற்கிறதா? நின்றால் வாங்கலாம். அந்தப் பத்திக்காகவே மற்ற பக்கங்கள் எழுதப்பட்டவை என்று தெரிந்தால் பிள்ளை அதை இரண்டாம் முறை எடுக்காது. பெற்றோரும் ஆசிரியரும் நாளெல்லாம் சொல்வதையே கேட்க யார் நூலகத்துக்கு வருவார்கள்?

அடுத்து, கதையில் முடிவெடுப்பது யார் என்று பாருங்கள். சிக்கலில் மாட்டும் பிள்ளை தானே ஏதாவது யோசிக்கிறதா, தப்பு செய்கிறதா, மறுபடி முயல்கிறதா? அல்லது தாத்தாவோ முனிவரோ வந்து எல்லாவற்றையும் தீர்த்துவிட்டுப் போகிறார்களா? இந்த ஒரு கேள்வியே பாதிப் புத்தகங்களைச் சலித்துவிடும்.

பிறகு முதல் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறும் உரைநடை வகுப்பில் வாசித்துக் காட்டவும் உதவாது. பாடல் தொகுப்பானால் சந்தம் எங்கே தட்டுகிறது என்று காதுக்கே தெரிந்துவிடும்.

படங்களை மட்டும் ஒருமுறை

எழுத்தைத் தொடாமல் படங்களை மட்டும் முதலிலிருந்து கடைசி வரை புரட்டுங்கள். அடுப்படியில் நிற்பது யார், வண்டி ஓட்டுவது யார் என்று எண்ணுங்கள். திருடனும் அரக்கனும் கறுப்பு, இளவரசியும் நல்ல பையனும் சிவப்பு என்று இருக்கிறதா? பருமனான பிள்ளை தீனிப்பண்டாரமாக மட்டும் வருகிறதா? மாற்றுத்திறனாளி வருவது பிறர் இரக்கப்படுவதற்கு மட்டும்தானா? எழுத்தில் ‘நொண்டி’, ‘செவிடு’ போன்ற சொற்களும் சாதிப் பெயர்களும் வசவாக வருகின்றனவா? அமெரிக்கக் கல்வியாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய கட்டுரையில், பிள்ளைகளுக்குப் புத்தகம் தங்கள் வாழ்க்கையைக் காட்டும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும், பிறர் வாழ்க்கையைக் காட்டும் சன்னலாகவும் இருக்க வேண்டும் என்றார். உங்கள் பள்ளிப் பிள்ளைகள் மீனவர் குடியிருப்பிலிருந்தோ, செங்கல் சூளையிலிருந்தோ, தேயிலைத் தோட்டத்திலிருந்தோ வந்தால், அலமாரியில் எத்தனை புத்தகத்தில் அவர்கள் வீடு இருக்கிறது என்று பாருங்கள். பல பள்ளிகளில் ஒன்றுகூட இருக்காது.

பழைய செவ்வியல் கதைகளில் இப்படிப்பட்ட குறைகள் இருந்தால் ஒரேயடியாக விலக்க வேண்டும் என்பதில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியரோடு சேர்ந்து படித்து விவாதிக்கலாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை தனியாக எடுத்துச் செல்லும் அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள்.

இப்போது கணினியே வரைந்த படங்களோடும் புத்தகங்கள் வருகின்றன. விரல்களை எண்ணுங்கள், கடைப் பலகையில் உள்ள எழுத்தைப் படித்துப் பாருங்கள், ஒரே சிறுமியின் பாவாடை நிறமும் சடையும் பக்கத்துக்குப் பக்கம் மாறுகின்றனவா என்று பாருங்கள். படத்தையும் எழுத்தையும் இணைத்துப் படிக்கப் பழகும் பிள்ளையை இவை குழப்பும்.

அறிவியல், பொது அறிவு நூல்கள்

பளபளப்பைப் பார்த்து ஏமாறுவது இந்தப் பிரிவில்தான் அதிகம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த மூன்று தகவல்களை எடுத்துச் சரிபாருங்கள். புளூட்டோவை 2006இல் கோள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். இந்தியாவில் இப்போது 28 மாநிலங்கள், 8 ஒன்றியப் பகுதிகள். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். 32 என்று இருந்தால் நூலின் தகவல் 2019க்கு முந்தையது. நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று வரைபடம் போட்டிருந்தால் அதுவும் தவறு. நாக்கின் எல்லாப் பகுதியும் எல்லாச் சுவையையும் உணரும். பாம்பு பால் குடிக்கும் என்பது பரவாயில்லை, திருத்திச் சொல்லிவிடலாம். பாம்பு கடித்த இடத்தைக் கீறி வாயால் உறிஞ்சச் சொல்லும் நூலை விலை இல்லாமல் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. உயிர் போகும் தகவல் அது.

கலைச்சொற்களையும் ஒப்பிடுங்கள். பாடநூலில் ஒளிச்சேர்க்கை என்று படித்த பிள்ளைக்கு நூலில் வேறொரு சொல் வந்தால், இரண்டும் ஒன்றுதான் என்று தெரியவே தெரியாது.

மொழிபெயர்ப்பு நூல்களில் உறவுப் பெயர்களைப் பிடித்துக்கொண்டு போங்கள். மூன்றாம் பக்கத்தில் மாமாவாக இருந்தவர் பத்தாம் பக்கத்தில் சித்தப்பா ஆனால் மொழிபெயர்ப்பாளர் கதையை முழுதாகப் படிக்கவில்லை என்று பொருள். பேச்சில் ‘ஓ, என் கடவுளே’ என்று யாராவது கத்தினாலும் யோசியுங்கள்.

இளையோர் நூல்கள்

பன்னிரண்டு முதல் பதினாறு வயது வரைக்கும் தமிழில் பெரிய பள்ளம் இருக்கிறது. சிறுவர் கதை அலுத்துவிட்டது, பெரியவர்களின் நாவலுக்கு இன்னும் காலம் வரவில்லை. இந்த இடத்தைப் பள்ளிகள் தன்னம்பிக்கை நூல்களாலும் தலைவர் வரலாறுகளாலும் போட்டித் தேர்வுக் கையேடுகளாலும் நிரப்புகின்றன. அவை இருக்கட்டும். அந்த வயதுப் பிள்ளை தேடுவது தன்னைப் போன்ற ஒருவரின் கதை.

அதனால் காதல், பருவ மாற்றம், அப்பாவின் குடி, சாதி அவமானம், தேர்வில் தோல்வி என்று கருப்பொருளைப் பார்த்ததுமே புத்தகத்தை மூடிவிடாதீர்கள். எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. தற்கொலை பற்றி வந்தால், வழிமுறை விவரிக்கப்படுகிறதா, சாவு ஒரு தீர்வாகவோ பழிவாங்கலாகவோ காட்டப்படுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் வேண்டாம். பாலியல் துன்புறுத்தல் வந்தால், குற்றம் யார்மேல் வைக்கப்படுகிறது, பிள்ளை யாரிடமாவது சொல்ல முடிகிறதா, சொன்னால் நம்பப்படுகிறதா என்று பாருங்கள். குழந்தைகளுக்கான 1098 உதவி எண் பின்பக்கத்தில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் நீங்களே ஒட்டிவிடலாம். ‘வேண்டாம்’ என்று சொன்ன பெண்ணை விடாமல் பின்தொடர்வதைக் காதல் என்று மெச்சும் கதைக்குப் பள்ளியில் இடமே இல்லை.

இந்தப் பிரிவு நூல்களை இருவர் முழுதாகப் படிக்க வேண்டும். ஒருவர் ஆசிரியையாக இருக்கட்டும். வாங்கிய காரணத்தை இரண்டு வரியில் எழுதி வையுங்கள். பின்னால் ஒரு பெற்றோர் புத்தகத்தோடு வந்து கேட்கும்போது பதற்றம் இருக்காது. ஒற்றைப் பக்கத்தைக் காட்டினால் முழுப் புத்தகத்தையும் படித்துவிட்டுப் பேசலாம் என்று மரியாதையோடு கேட்டுக்கொள்ளுங்கள். புத்தகம் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர்கள் கூடி முடிவெடுக்கும் வரை புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும்.

கட்டு, தாள், பிள்ளைகளின் தீர்ப்பு

பசைக்கட்டுப் புத்தகத்தை நடுவில் முழுதாக விரித்துப் பாருங்கள். முதுகு ‘சடக்’ என்றால் ஒரு பருவத்துக்குள் தாள்கள் கழன்றுவிடும். நூலால் தைத்த கட்டு விலை கூடினாலும் லாபம். ஸ்டேப்ளர் பின் அடித்த மெல்லிய புத்தகங்களில் கடற்கரை ஊர்களில் பின் துரு பிடிக்கும். வந்ததும் பின்னைக் கழற்றி நூலால் தைத்துவிடுங்கள். ஒரு பக்கத்தின் எழுத்து மறுபக்கம் தெரிந்தால் தாள் மெல்லியது.

முடிந்தால் மாதிரிப் பிரதிகளை ஒரு வாரம் வகுப்பில் மேசைமேல் போட்டு வையுங்கள். “நல்லா இருக்கா?” என்று கேட்காதீர்கள், ஆசிரியர் கேட்டால் “நல்லா இருக்கு மிஸ்” என்றுதான் வரும். “இத யாருக்குக் குடுப்ப?”, “எந்த எடத்துல நிறுத்திட்ட?” என்று கேளுங்கள். எடுத்த புத்தகத்தை எத்தனையாவது பக்கத்தில் திரும்ப வைத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் போட்டுக் கூட்டிப் பார்க்கும் அட்டவணை வேண்டாம். அழகான படத்துக்குப் பத்து, தாளுக்குப் பத்து என்று கூட்டினால் பாம்புக்கடிப் புத்தகமும் தேர்ச்சி பெற்றுவிடும். வாங்கலாம், இன்னொருவர் படிக்கட்டும், வேண்டாம் என்று மூன்று அடுக்கு போதும். நூறு புத்தகம் வாங்குவதென்றால் ஐம்பத்தைந்து கதை, இருபத்தைந்து தகவல் நூல், பத்து பாடல், விடுகதை, சித்திரக்கதை, மீதி ஆங்கிலத்திலும் பிள்ளைகளின் வீட்டு மொழியிலும் இருக்கட்டும். ஓசூர்ப் பக்கம் தெலுங்கும் கன்னடமும், ஆம்பூர், வாணியம்பாடியில் உருதும் தேவைப்படும். ‘வேண்டாம்’ அடுக்கின் தலைப்புகளையும் காரணத்தோடு ஒரு நோட்டில் எழுதி நூலகப் பதிவேட்டோடு வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மாறுதலில் போன மறு ஆண்டே அதே கட்டு அதே அலமாரிக்கு வந்துசேரும்.