இதய நோய் பற்றி இணையத்தில் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பலரும் முதலில் செல்போனைத்தான் எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ‘எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 60%’ என்று இருக்கும். அப்படியானால் மீதி 40 போய்விட்டதா என்று பதறி, ‘இதயம் 60 சதவீதம்தான் வேலை செய்கிறது’ என்று தேடுவார்கள். வருவதெல்லாம் இதயச் செயலிழப்பு பற்றிய பக்கங்கள். அன்றைய தூக்கம் போச்சு. இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை பங்கு வெளியேறுகிறது என்பதுதான் அந்த எண். நல்ல இதயமும் முழுவதையும் வெளியேற்றாது. சுமார் 55 முதல் 70 வரை இயல்பு. ரிப்போர்ட்டில் உள்ள சொல்லை அப்படியே போட்டு, ‘இயல்பான அளவு’ என்று சேர்த்துத் தேடியிருந்தால் இந்தப் பதற்றமே வந்திருக்காது.

பயத்தைப் போலவே ஆசையையும் கேள்வியாக்கக் கூடாது. ‘அடைப்பைக் கரைக்கும் வீட்டு வைத்தியம்’ என்று தேடினால், கரையும் என்று அடித்துச் சொல்லும் வீடியோக்கள்தான் வரிசைகட்டி வரும். ‘ரத்தக்குழாய் அடைப்புக்கு என்னென்ன சிகிச்சைகள்’ என்று கேட்டுப் பாருங்கள், வருவதே வேறாக இருக்கும்.

அப்புறம், தேதி. மாரடைப்பு வராமலிருக்க தினமும் ஆஸ்பிரின் போடச் சொல்லும் பழைய பக்கங்கள் இன்னும் கிடைக்கின்றன. ஆனால் இதய நோய் இல்லாதவர்கள், 60 வயதுக்கு மேல் அதற்காகப் புதிதாக ஆஸ்பிரின் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழு 2022-இல் சொல்லிவிட்டது. ரத்தக்கசிவு ஆபத்துதான் காரணம். இதைப் படித்துவிட்டு, ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்தவர் தன் ஆஸ்பிரினை நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. அவருக்கு அந்த மாத்திரை ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காக்கிறது. எதைப் படித்தாலும், அது யாருக்காக எழுதப்பட்டது என்று பாருங்கள். மாத்திரையை நிறுத்துவதா என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, வலி வந்த பிறகு ‘இது வாயுவா, மாரடைப்பா’ என்று தேடிக்கொண்டிருப்பது. ரத்தம் கிடைக்காத இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் அழிந்துகொண்டிருக்கும். பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் மூச்சுத்திணறல், வியர்வை, குமட்டல், தாடை வலி என்றும் வரலாம். விடாமல் இருமினால் பிழைத்துவிடலாம் என்று சுற்றும் செய்தியை நம்பி நேரத்தை வீணாக்காதீர்கள். போனில் ஆம்புலன்ஸை அழையுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள்.