கிளேஸ் டோனட்: இரண்டாவது முறை உப்பும்போது கவனம்

வீட்டில் செய்த டோனட் எண்ணெய் குடித்துக் கனமாக வருகிறதா? பெரும்பாலும் அளவில் குறை இருக்காது. வெட்டி வைத்த மாவு போதுமான அளவு உப்பியிருக்காது, அல்லது அளவுக்கு மீறி உப்பியிருக்கும். மற்றதை வேகமாகச் சொல்லிவிட்டு அங்கே வருகிறேன்.

8 டோனட்டுக்கு மைதா 250 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், சர்க்கரை 30 கிராம், உப்பு 4 கிராம், முட்டை 1, வெதுவெதுப்பான பால் 110 மில்லி, இளகிய வெண்ணெய் 40 கிராம். உப்பு சேர்த்த வெண்ணெய் என்றால் உப்பு 3 கிராம் போதும். கப் கணக்கு வேண்டாம். அள்ளும் விதத்திலேயே ஒரு கப் மைதா 20 கிராம் கூடிக் குறையும். டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள்.

வெண்ணெய் தவிர மற்றதெல்லாம் சேர்த்து 10 நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். அதன் பிறகே வெண்ணெயைத் துண்டு துண்டாகச் சேர்க்க வேண்டும். முதலிலேயே சேர்த்தால் கொழுப்பு மாவின் மேல் பூசிக்கொண்டு, மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டனைச் சேரவிடாது. வெண்ணெய் விழுந்ததும் மாவு வழவழத்துக் கையில் ஒட்டும். பயந்து மைதா தூவாதீர்கள். இன்னும் 5 நிமிடம் பிசைந்தால் தானாகத் திரண்டு வரும். சிறு துண்டை விரல்களால் விரித்தால் கிழியாமல் மெல்லிய திரை போல வர வேண்டும்.

மூடி அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு, இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள். நம் ஊர் வெயிலில் இதுதான் எனக்குப் பிடித்த வழி. வெண்ணெய் இறுகுவதால் மறுநாள் தேய்ப்பதும் வெட்டுவதும் சுலபம். அரை அங்குல கனத்துக்குத் தேய்த்து, கூரான கட்டரால் நேராக அழுத்தி வெட்டுங்கள். டம்ளரும் பாட்டில் மூடியும் போதும்தான், ஆனால் மழுங்கிய விளிம்பு ஓரத்தை நசுக்கிவிடும். ஒவ்வொன்றையும் தனித்தனிச் சதுர பட்டர் பேப்பரில் வையுங்கள்.

சரி, முக்கியமான இடம்: வெட்டி வைத்ததை இரண்டாவது முறை உப்ப விடுவது. 'ஒரு மணி நேரம் உப்ப விடவும்' என்று குறிப்புகளில் இருக்கும். அது யாருடைய சமையலறையின் ஒரு மணி நேரம்? சென்னையின் மே மாதத்தில் 40 நிமிடத்திலேயே தயாராகலாம். ஊட்டியில் இரண்டு மணி நேரமும் போதாமல் போகலாம். கடிகாரத்தை விட்டுவிட்டு விரலை நம்புங்கள். ஓரத்தில் மெதுவாக அழுத்துங்கள். பள்ளம் உடனே நிரம்பினால் இன்னும் பொறுங்கள். மெல்ல எழும்பி, லேசான தடம் மிஞ்சினால் உடனே பொரிக்கலாம். பள்ளம் அப்படியே நின்றால் நேரம் கடந்துவிட்டது, எண்ணெயில் அமுங்கிப்போகும். 20 நிமிடத்திலிருந்தே தொட்டுப் பாருங்கள். சரியாக உப்பியது பாதி மூழ்கி மிதக்கும், பொரித்த பின் இடுப்பைச் சுற்றி வெளிர் வளையம் தெரியும்.

பொரிக்க அடிகனமான இரும்புக் கடாய்தான் என் தேர்வு. மாவு விழுந்ததும் சூடு சட்டென்று இறங்காது. எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ். இதற்குத் தெர்மாமீட்டர் அவசியம் என்பேன். பேப்பரோடு இறக்கி, பேப்பரை இடுக்கியால் உருவிவிடுங்கள். கையால் தூக்கினால் அத்தனை காற்றும் போய்விடும். பக்கத்துக்கு ஒரு நிமிடம் போதும்.

மேலே படியும் சர்க்கரைப் பூச்சான கிளேஸுக்கு 200 கிராம் ஐசிங் சுகர் (மிக நைசாக அரைத்த சர்க்கரை), 3 டேபிள்ஸ்பூன் சூடான பால், சில துளி வெனிலா, ஒரு சிட்டிகை உப்பு. எண்ணெய் வடிந்து ஓரிரு நிமிடத்தில், டோனட் இளஞ்சூடாக இருக்கும்போதே முக்கி எடுங்கள். ஆறிய பிறகு முக்கினால் கிளேஸ் தடிமனாகப் படியும்.

பின்சேர்க்கை: முட்டை இல்லாமல் முடியுமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். முட்டைக்குப் பதில் 3 டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிர் சேர்க்கலாம். மென்மை கொஞ்சம் குறையும். வீட்டில் அரைத்த சர்க்கரை நறநறக்கிறது என்றவர்கள், ஒரு ஸ்பூன் சோளமாவு (கார்ன்ஃப்ளார்) சேர்த்து அரைத்து இருமுறை சலியுங்கள். மழைநாளில் கிளேஸ் பிசுபிசுத்தால் பாலை அரை ஸ்பூன் குறைத்துப் பாருங்கள். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள்: டோனட் விறைக்கும், கிளேஸ் வியர்க்கும்.