வியட்நாமில் நண்பர் வீட்டில் தங்குவது எப்படி? முதல்முறை செல்வோருக்கான படிகள்

முதுகுப்பையோடு இரண்டு மூன்று மாதங்கள் வியட்நாமைச் சுற்றுபவருக்கு, நடுவில் சில நாள்கள் உள்ளூர் நண்பரின் வீட்டில் தங்கக் கிடைப்பது பெரும் பேறு. ஆனால் அங்கும், நம் ஊரைப் போலவே, நண்பரின் வீடு என்பது பெரும்பாலும் அவருடைய பெற்றோரின் வீடு. நீங்கள் அந்தக் குடும்பம் முழுமைக்கும் விருந்தினர் என்பதை மனத்தில் வைத்தே இந்தப் படிகளை எழுதுகிறேன். ஹனோயில் ஒரு தோழியின் வீட்டில் ஒன்பது நாள்கள் தங்கியபோது கற்றவையே இவற்றில் பெரும்பகுதி.

முதற்படி: தேதியைச் சொல்லிக் கேளுங்கள்

"வரலாமா?" என்று மட்டும் கேட்காமல், வரும் நாளையும் கிளம்பும் நாளையும் சேர்த்தே எழுதுங்கள், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுமாறு நண்பரிடம் நீங்களே கூறிவிடுங்கள். அங்கே பெரும்பாலானோர் ஸாலோ என்னும் செயலியில்தான் பேசிக்கொள்கிறார்கள் என்பதால் அதை முன்பே நிறுவிக்கொள்வது நல்லது. ஜனவரிப் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரிக்குள் வரும் தெத் புத்தாண்டை ஒட்டிச் செல்வதானால் கூடுதல் கவனம் வேண்டும். புத்தாண்டு பிறந்ததும் வீட்டுக்குள் முதலில் காலடி வைப்பவரைப் பொறுத்தே அந்த ஆண்டின் நல்வாய்ப்பு அமையும் என்பது அவர்களின் நம்பிக்கை. ஆகவே அன்று காலையில் அழைப்பின்றி எவர் வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது.

இரண்டாம் படி: விசாவும் முகவரியும்

2023 ஆகஸ்ட் 15 முதல் இ-விசா 90 நாள்கள் வரை வழங்கப்படுகிறது. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். வியட்நாமில் தங்கும் முகவரியை விண்ணப்பத்தில் கேட்பார்கள் என்பதால், நண்பரிடமிருந்து வீட்டு எண், சந்து, தெரு, வட்டாரம் ஆகியவற்றை முழுமையாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: காவல் நிலையப் பதிவு

புதியவர்கள் அதிகம் தவறவிடும் படி இதுதான். வெளிநாட்டவர் தங்கும் இடம் விடுதியானால் நிர்வாகத்தினரே கடவுச்சீட்டைப் பார்த்துப் பதிவு செய்துவிடுவார்கள். தனியார் வீடானால் அந்தப் பொறுப்பு வீட்டுக்காரருடையது. நீங்கள் வந்து சேர்ந்த 12 மணி நேரத்துக்குள், தொலைதூரப் பகுதிகளில் 24 மணி நேரத்துக்குள், உள்ளூர்க் காவல்துறைக்கு அவர் தகவல் அளிக்க வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் விதி. தவறினால் தொல்லை உங்களுக்கு இடம் கொடுத்த குடும்பத்துக்குத்தான் வரும். ஆகவே கடவுச்சீட்டில் உங்கள் படமுள்ள பக்கம், விசா, நுழைவு முத்திரை ஆகிய மூன்றையும் தெளிவாகப் படமெடுத்து, விமான நிலையத்திலிருந்தே நண்பருக்கு அனுப்பிவிடுங்கள். கூச்சத்தால் அவர்கள் இதைப் பற்றிப் பேசாமல் இருக்கலாம். நீங்களே பேச்சைத் தொடங்குவதுதான் மரியாதை.

நான்காம் படி: வாசலும் வணக்கமும்

காலணிகளை வாசலிலேயே கழற்றிவிடுங்கள். ஒரு கூடைப் பழமோ ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்போ இரண்டு கைகளாலும் நீட்டிக் கொடுங்கள். முன்னோரை வணங்கும் பீடத்தில் அதை முதலில் படைத்துவிட்டுப் பிறகுதான் எடுத்துப் பகிர்வார்கள். அந்தப் பீடத்தின் பக்கம் கால் நீட்டிப் படுக்கக் கூடாது.

வியட்நாமிய மொழியில் "நான், நீ" என்பதற்குப் பதிலாக உறவுமுறையையே பெரும்பாலும் சொல்வார்கள். பெற்றோருக்கு மூத்தவரைக் குறிக்கும் "பாக்" என்ற சொல், நம் பெரியப்பா, பெரியம்மா இருவருக்கும் பொருந்தும். ஹனோயில் தோழியின் பெற்றோரை "பாக்" என்று நான் அழைத்த அன்றே, அவர்கள் என்னோடு பேசும் விதம் மாறிவிட்டதைக் கண்டேன்.

ஐந்தாம் படி: சாப்பாடு

தரையில் பாய் விரித்து, நடுவே ஒரு வட்டத் தாம்பாளத்தில் கீரை, மீன், சூப்பு எல்லாவற்றையும் வைத்துச் சுற்றி அமர்ந்து உண்பது பல வீடுகளில் வழக்கம். வடபகுதியில், உண்ணத் தொடங்கும் முன் இளையவர்கள் பெரியவர்களை வரிசையாக "மோய்" என்று சொல்லி அழைப்பார்கள். "சாப்பிடுங்கள்" என்று வேண்டும் சொல் அது. அதைச் சொல்லாமல் கிண்ணத்தைத் தூக்காதீர்கள். உண்ணும் குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைத்தால் இறந்தவருக்கு ஏற்றும் ஊதுபத்தி நினைவுக்கு வரும் என்பதால், அவற்றைக் கிண்ணத்தின் மேல் படுக்கவையுங்கள்.

சைவ உணவுக்காரர் "அன் சாய்" என்று சொன்னால் போதும், புரிந்துகொள்வார்கள். பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் அப்படி உண்பவர்கள். ஆயினும் நெத்தலியை உப்பிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிக்கும் நுவொக் மாம் என்னும் மீன் சாறு காய்கறியிலும் சேரும் என்பதால், அதுவும் வேண்டாம் என்று முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்.

ஆறாம் படி: வீட்டின் நேரம்

ஹனோயின் பழைய வீடுகள் முகப்பில் சில மீட்டரே அகலமாக, பின்னோக்கி நீளமாகவும் மாடி மாடியாகவும் இருக்கும். இரவில் மோட்டார் சைக்கிள்களை முன்னறைக்குள் ஏற்றி நிறுத்தி, இரும்புக் கதவை இழுத்துப் பூட்டிவிடுவார்கள். ஒரு நாள் நான் இரவு பதினொன்றரைக்குத் திரும்பியபோது, தோழியின் தந்தை அந்த வண்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டுக் காத்திருந்தார். அவர் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. மறுநாள் முதல் நான் ஒன்பது மணிக்கே வீடு திரும்பினேன். மதிய உணவுக்குப் பின் பலரும் சற்று உறங்குவார்கள். அந்நேரம் துணி துவைக்கவோ தொலைபேசியில் உரக்கப் பேசவோ வேண்டாம்.

ஏழாம் படி: செலவும் கிளம்புதலும்

பணமாகக் கொடுத்தால் வருந்துவார்கள். காலையில் சந்தைக்குக் கூடவே சென்று பழத்துக்கோ மீனுக்கோ பணம் கொடுங்கள். ஒரு நாள் எல்லோரையும் ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப்புக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். சொன்ன நாளில் கிளம்பிவிடுங்கள். வீட்டில் மூத்தவரிடம் முதலில் விடைபெறுங்கள். ஹுவேயிலோ தானாங்கிலோ உள்ள உறவினர் வீட்டுக்கு அவர்களே உங்களை அனுப்பிவைக்கவும் கூடும். அங்கு போய்ச் சேர்ந்ததும் ஸாலோவில் ஒரு படம் அனுப்புங்கள், புதிய வீட்டாரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்து மூன்றாம் படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.